சரயேவோ போகிறவர்களுக்கு: வாசகர் கேள்விகளும் என் பதில்களும்

சென்ற இதழில் போஸ்னியாவின் தலைநகரைப் பற்றிப் போகிற போக்கில் நான்கு வரி எழுதியிருந்தேன். அதற்கு இத்தனை கடிதங்கள் வந்ததில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆகவே இந்த முறை முழுப் பக்கமும் சரயேவோவுக்கே. ரோமையும் பாரிஸையும் கேட்டவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள். அந்த ஊர்கள் எங்கும் ஓடிவிடாது.

கேள்வி: மகன் வியன்னாவில் வேலை பார்க்கிறான். அங்கிருந்து நாலைந்து நாள் சரயேவோ போகலாம் என்கிறான். "இஸ்தான்புல்லையே பார்த்தாகிவிட்டது, அங்கே புதிதாக என்ன இருக்கப்போகிறது?" என்கிறார் என் கணவர். (வாசகி, கோயம்புத்தூர்)

பதில்: உங்கள் கணவர் கேட்பது நியாயம்தான். பெரிய குவிமாடமும் அரண்மனையும்தான் வேண்டும் என்றால் இஸ்தான்புல்லோடு நிறுத்திக்கொள்ளலாம். சரயேவோவில் எந்தச் சுல்தானும் குடியிருந்ததில்லை. எல்லைப்புற மாகாணத்தை ஆளவந்த அதிகாரிகள் தங்கள் பெயரில் அறக்கட்டளை எழுதிவைத்து, அந்த அறக்கட்டளைகளைச் சுற்றி வளர்ந்த ஊர் அது. 15ஆம் நூற்றாண்டில் ஈசா பேக் இஷாகோவிச் பாலமும் சத்திரமும் குளியல் கூடமும் கட்டி வக்ஃபாக எழுதிவைத்தார். அந்தச் சாசனத்தின் ஆண்டான 1462-ஐத்தான் ஊர் பிறந்த ஆண்டாகச் சொல்கிறார்கள். அடுத்த நூற்றாண்டில் காஸி ஹுஸ்ரெவ் பேக் வந்தார். இரண்டாம் பாயசீத் சுல்தானின் மகள் வயிற்றுப் பேரன். அவருடைய மசூதி 1531-ல் முடிந்தது. மதரசாவுக்கான சாசனம் 1537-ல் எழுதப்பட்டது. அந்தச் சாசனத்தில் ஒரு நிபந்தனை உண்டு: கட்டடச் செலவு போக மிஞ்சும் பணத்தில் நல்ல புத்தகங்கள் வாங்க வேண்டும். நூலகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவள் நான். கட்டடம் கட்டினால் பணம் மிஞ்சும் என்று நம்பிய மனிதர் மீது எனக்குத் தனி மரியாதை! அந்தப் பணத்தில் தொடங்கிய நூலகம் இன்றும் நடக்கிறது. 1990களின் போஸ்னியப் போரில் ஊர் முற்றுகையில் கிடந்தபோது அதன் கையெழுத்துப் பிரதிகளை ஒரு மறைவிடத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றிக்கொண்டே இருந்து காப்பாற்றினார்கள். 2014-ல் திறந்த புதுக் கட்டடத்தில் இப்போது இருக்கிறது. மசூதிக்குப் பக்கத்திலேயேதான், போய்ப் பாருங்கள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். சரயேவோவில் "துருக்கி" என்று எல்லாரும் படம் எடுக்கும் இரண்டு இடங்கள் உண்டு. ஒன்று, பழைய கடைவீதியான பாஷ்சார்ஷியாவின் நடுவில் நிற்கும் மரத்தாலான குடிநீர் மண்டபம், செபில். மெஹ்மெத் பாஷா குகாவிட்சா 1753-ல் கட்டியது என்பார்கள். கட்டியது அவர்தான், ஆனால் இப்போது நீங்கள் பார்க்கும் உருவத்தை வரைந்தது அலெக்சாந்தர் விட்டெக் என்ற ஆஸ்திரிய ஆட்சிக் காலக் கட்டடக் கலைஞர். இரண்டாவது, ஆற்றங்கரையில் மஞ்சளும் சிவப்புமாகப் பட்டை போட்டு நிற்கும் வியேச்னிட்சா என்ற பழைய நகர மன்றம். 1896-ல் திறந்தார்கள். அதுவும் ஆஸ்திரிய-ஹங்கேரிய ஆட்சியின் வேலை. அதிலும் விட்டெக்கின் கை உண்டு. முஸ்லிம் ஊர் என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று அவர்களே முடிவுசெய்து, கெய்ரோவிலும் ஸ்பெயினிலும் உள்ள பாணியைக் கொண்டுவந்து நட்டார்கள். போஸ்னியாவில் அதற்கு முன் அப்படி ஒரு கட்டடமே கிடையாது. அழகில்லை என்று சொல்லவில்லை. உஸ்மானியரை, அதாவது ஒட்டோமான் துருக்கியரைத் தேடிப் போகிறவர் அங்கே நின்றுவிடக் கூடாது, அவ்வளவுதான்.

அப்படியானால் எங்கே நிற்பது? ப்ருசா பெசிஸ்தானுக்குள் முதலில் நுழையுங்கள். ருஸ்தெம் பாஷா 1551-ல் கட்டிய ஆறு குவிமாடச் சந்தை. பூர்சா நகரத்துப் பட்டு விற்ற இடம், இன்று அருங்காட்சியகம். உள்ளே பழைய ஊரின் மாதிரி உருவம் ஒன்று வைத்திருக்கிறார்கள். அதைச் சுற்றி வந்தால் ஊரின் கணக்கு விளங்கிவிடும்: சமதளத்தில் கடைகள், சரிவில் வீடுகள், கடைவீதியில் யாரும் குடியிருப்பதில்லை, குடியிருப்பில் பெரிய வியாபாரம் இல்லை. பிறகு மேட்டில் ஏறி ஸ்வ்ர்ஸோ குடும்பத்து வீட்டுக்குப் போங்கள். 18ஆம் நூற்றாண்டு வீடு. மர மேன்மாடம், கூழாங்கல் பாவிய முற்றம், ஆண்களும் விருந்தினரும் புழங்க ஒரு பகுதி, குடும்பத்துக்கு ஒரு பகுதி. சவாய் இளவரசர் யூஜின் 1697-ல் ஊரைக் கொளுத்தினார். 1879-ல் கடைவீதியின் ஒரு பகுதி மறுபடி எரிந்தது. அதனால் இவ்வளவு பழைய மரவீடு நிற்பதே பெரிய விஷயம். உங்கள் கணவரை அந்த முற்றத்துத் திண்ணையில் உட்காரவையுங்கள். இஸ்தான்புல் பேச்சு தானாக அடங்கும்.

கேள்வி: நாங்கள் சுத்த சைவம். பால்கன் நாடுகளில் இறைச்சி தவிர வேறொன்றும் கிடைக்காது என்று பயமுறுத்துகிறார்கள். (வாசகி, கும்பகோணம்)

பதில்: பயமுறுத்துகிறவர்கள் செவாப்பி கடையில் மட்டும் சாப்பிட்டவர்களாக இருக்கும். செவாப்பி என்பது விரல் நீளக் கறி உருண்டைகள். சோமுன் என்ற ரொட்டிக்குள் வைத்து, நறுக்கிய வெங்காயத்துடன் கொடுப்பார்கள். அந்தக் கடையில் உங்களுக்கு ரொட்டியும் வெங்காயமும்தான் மிஞ்சும்.

நீங்கள் தேட வேண்டியது பீட்டா விற்கும் கடை. கைக்குட்டையை விட மெல்லியதாக மாவை இழுத்து, உள்ளே பூரணம் வைத்து, சுருட்டி, வட்டத் தட்டில் அடுக்குவார்கள். நல்ல கடையில் இரும்பு மூடி போட்டு மேலே நெருப்புக் கங்கை அள்ளிக் குவித்து வேகவைப்பார்கள். உருளைக்கிழங்கு வைத்தது க்ரொம்பிருஷா. கீரையும் பாலாடைக்கட்டியும் வைத்தது செல்யானிட்சா. வெறும் பாலாடைக்கட்டி என்றால் சிர்னிட்சா. பின்னிரண்டிலும் முட்டை சேர்ப்பது வழக்கம், ஆகவே முட்டையும் ஆகாது என்றால் உருளைக்கிழங்கோடு நில்லுங்கள். எண்ணெயா, வேறு கொழுப்பா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். "புரெக்" என்று மட்டும் வாய்தவறிச் சொல்லிவிடாதீர்கள். மற்ற ஊர்களில் அது எல்லா வகைக்கும் பொதுப்பெயர். சரயேவோவில் புரெக் என்றால் இறைச்சி வைத்தது மட்டுமே. பாலாடைக்கட்டி புரெக் கேட்டால் கடைக்காரர் உங்களைத் திருத்தாமல் விடமாட்டார்.

பீன்ஸ் சூப்பை நம்பாதீர்கள். பார்வைக்குச் சைவம், அடியில் புகையிட்ட இறைச்சித் துண்டு கிடக்கும். சிவப்பு மிளகாயை வாட்டி அரைத்த அய்வார் துவையலும் கய்மாக் என்ற கெட்டிப் பாலேடும் சோமுனும் சேர்ந்தால் ஒரு வேளைச் சாப்பாடு முடிந்தது. ரமலான் மாதத்தில் போனால் சோமுன் மேல் கருஞ்சீரகம் தூவியிருப்பார்கள். நோன்பு திறக்கும் நேரத்துக்குச் சற்று முன்பு ரொட்டிக்கடை வாசலில் நீண்ட வரிசை நிற்கும். நீங்களும் நில்லுங்கள். இனிப்புக்கு, வேகவைத்த ஆப்பிளுக்குள் வால்நட் திணித்த துஃபாஹியா. ஹுர்மாஷிட்சாவும் உண்டு, ஆனால் அது சர்க்கரைப் பாகில் ஊறியது. சர்க்கரை நோய் உள்ளவர்கள் பார்த்து ரசிப்பதோடு சரி.

கேள்வி: மசூதிக்குப் பக்கத்தில் உள்ள மணிக்கூண்டின் படம் பார்த்தேன். நண்பகல் வெயில், ஆனால் கடிகாரம் ஏதோ மூன்றரை மணி காட்டுகிறது. ரிப்பேரா? (வாசகர், திருநெல்வேலி)

பதில்: சரியாகத்தான் ஓடுகிறது, ஐயா. லண்டனில் செய்த இயந்திரம். ஆனால் கணக்கு உஸ்மானியக் கணக்கு. சூரியன் மறையும் நொடியில் பன்னிரண்டு மணி. அங்கிருந்து அடுத்த நாள் தொடங்குகிறது. ஜூன் கடைசியில் அங்கே இரவு ஏறத்தாழ எட்டரைக்குத்தான் இருட்டும்; அதனால் மறுநாள் நம் கைக்கடிகாரம் நண்பகல் பன்னிரண்டு காட்டும்போது அது மூன்றரை காட்டும். டிசம்பரில் நான்கு மணி சுமாருக்கே அஸ்தமனம். அப்போது நண்பகலில் எட்டு மணியை ஒட்டி நிற்கும். தினமும் சூரியன் மறையும் நேரம் நகர்வதால் கடிகாரத்தை அவ்வப்போது திருத்திவைக்க ஓர் ஆள் வேண்டும். அந்தப் பதவி இன்னும் இருக்கிறது. தொழுகை நேரத்துக்காக வைத்த கடிகாரத்தை ரயில் பிடிக்கப் பயன்படுத்தாதீர்கள்.

கேள்வி: போர் நடந்த இடங்களைச் சுற்றுலாவாகப் பார்ப்பது எனக்கு ஒப்பவில்லை. மகள் சுரங்கப்பாதைக்குப் போயே ஆகவேண்டும் என்கிறாள். (வாசகர், மதுரை)

பதில்: உங்கள் தயக்கம் புரிகிறது. ஆனால் மகளோடு போங்கள். 1992 ஏப்ரலிலிருந்து 1996 பிப்ரவரி வரை அந்த ஊர் முற்றுகையில் கிடந்தது. சுற்றிலும் மலை, மலைமேல் செர்பியப் பீரங்கிகள், பள்ளத்தில் ஊர். விமான நிலையம் ஐ.நா. படைகளின் கையில். அதன் ஓடுபாதைக்கு அடியில் 1993-ல் குடைந்ததுதான் அந்தச் சுரங்கம், சுமார் 800 மீட்டர். உயரம் ஆள் குனிந்து போகிற அளவு. உணவும் மருந்தும் ஆயுதமும் காயம்பட்டவர்களும் அதன் வழியாகத்தான் போய்வந்தார்கள். தண்டவாளம் போட்டுத் தள்ளுவண்டி விட்டார்கள், எண்ணெய்க் குழாயும் மின்கம்பியும் இழுத்தார்கள். இன்று ஒரு சிறு பகுதிக்குள் மட்டும் நடக்கவிடுகிறார்கள். அதன் ஒரு வாய் சாதாரணமான ஒரு குடும்பத்து வீட்டில் இருக்கிறது, சுவரில் குண்டுத் துளைகளோடு. எனக்கு அந்த வீடு சுரங்கத்தை விட அதிகம் சொன்னது.

ஆனால் துப்பாக்கி பிடித்து நிற்பது போலப் படம் எடுக்கும் கூட்டமும் அங்கே உண்டு. அவர்களைப் பார்த்தால் எனக்கும் உங்கள் கட்சியில் சேரத் தோன்றும்.

நடைபாதைகளில் சில இடங்களில் பூவிதழ் மாதிரி தெறித்த பள்ளங்களைச் சிவப்புப் பிசினால் நிரப்பியிருப்பார்கள். குண்டு விழுந்து ஆட்கள் இறந்த இடங்கள் அவை. காலை எடுத்து ஓரமாக வைத்துப் போங்கள். மார்க்காலே காய்கறிச் சந்தையில் 1994 பிப்ரவரியில் ஒரே குண்டில் 68 பேர் இறந்தார்கள். அடுத்த ஆண்டு ஆகஸ்டில் அதே இடத்தருகே 43 பேர். அங்கே இன்றும் தக்காளியும் பாலாடைக்கட்டியும் விற்கிறார்கள். பின்சுவரில் பெயர்ப்பட்டியல். சந்தை என்றால் வாங்க வேண்டும். அரைக் கிலோ பழமாவது வாங்குங்கள்.

வியேச்னிட்சாவைப் பற்றி மேலே சற்றுக் கடுமையாக எழுதிவிட்டேன். அது போருக்கு முன் தேசிய நூலகமாக இருந்தது. 1992 ஆகஸ்ட் 25 இரவு அதன்மேல் தீக்குண்டுகளைப் பொழிந்தார்கள். 20 லட்சத்துக்கும் மேற்பட்ட நூல்களும் இதழ்களும் ஆவணங்களும் அழிந்தன என்று வாசல் பலகை சொல்கிறது. எரிந்துகொண்டிருந்தபோதே வரிசையாக நின்று கைமாற்றிக் கைமாற்றிச் சில ஆயிரம் நூல்களை வெளியே கொண்டுவந்தார்கள். நூலகப் பணியாளர் ஐதா புதுரோவிச் அன்று உயிரிழந்தார். 2014-ல் கட்டடத்தைப் பழையபடி கட்டி முடித்துத் திறந்துவிட்டார்கள். வண்ணக் கண்ணாடிக் கூரை, வளைவுகள், படிக்கட்டு எல்லாம் பளபளக்கிறது. திருமணப் படம் எடுக்க வருகிறார்கள். நூல்களை மட்டும் அப்படிக் கட்ட முடியவில்லை.

கேள்வி: மசூதிக்குள் பெண்கள் போகலாமா? (வாசகி, நாகர்கோவில்)

பதில்: தொழுகை இல்லாத நேரத்தில் தாராளமாக. டிக்கெட் உண்டு. தலையை மறைக்கத் துணி கொண்டுபோங்கள், துப்பட்டா போதும்.

கேள்வி: மசூதி, தேவாலயம், யூத ஆலயம் எல்லாம் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதால் சரயேவோவை "ஐரோப்பாவின் ஜெருசலேம்" என்கிறார்களே? (வாசகர், தஞ்சாவூர்)

பதில்: பிரசுரம் அச்சடிப்பவர்கள் சொல்வது. இடங்கள் பக்கத்தில் இருப்பது உண்மை. பழைய யூத ஆலயம் 1581-ல் கட்டியது, 1492-ல் ஸ்பெயினிலிருந்து விரட்டப்பட்டவர்களின் வழித்தோன்றல்களுக்காக. இன்று அது அருங்காட்சியகம். கத்தோலிக்கப் பேராலயம் 1889. பழைய ஆர்த்தடாக்ஸ் தேவாலயமும் கூப்பிடு தூரத்தில். ஆனால் யூதர்களில் பெரும்பாலோரை இரண்டாம் உலகப் போர் விழுங்கிவிட்டது. 1990களுக்குப் பிறகு செர்பியர்களில் பலர் ஊரை விட்டுப் போய்விட்டார்கள். ஆலயங்கள் நிற்கின்றன, ஆட்கள் குறைந்துவிட்டார்கள். இதைத் தெரிந்துகொண்டு பார்ப்பது நல்லது.

தேசிய அருங்காட்சியகத்தில் சரயேவோ ஹக்காதா இருக்கிறது. 14ஆம் நூற்றாண்டு ஸ்பெயினில் எழுதி ஓவியம் தீட்டிய யூதத் திருநூல். நாஜிக்கள் வந்தபோது அதை ஒளித்துக் காப்பாற்றியவர் தெர்விஷ் கோர்குத் என்ற முஸ்லிம் நூலகர். (எங்கள் தொழில்காரர்.) மூலப் பிரதியை எல்லா நாளும் காட்டமாட்டார்கள், நேரம் கேட்டுக்கொண்டு போங்கள். தோட்டத்தில் ஸ்தெச்சாக் என்ற இடைக்காலக் கல்லறைக் கற்களும் உண்டு. உஸ்மானியர் வருவதற்கு முன்பே போஸ்னியாவில் ஆட்கள் இருந்தார்கள் என்பதை நினைவூட்ட அவை போதும்.

கேள்வி: அருகே விசோகோவில் எகிப்தை விடப் பெரிய பிரமிடு இருக்கிறதாமே! யூடியூபில் பார்த்தேன். (வாசகர், சேலம்)

பதில்: அது மலை. இயற்கையாகவே முக்கோண வடிவில் எழுந்த மலை. 2005-ல் ஒரு தொழிலதிபர் அதைப் பிரமிடு என்று அறிவித்தார். மறு ஆண்டே ஐரோப்பியத் தொல்லியலாளர்கள் கூட்டாக அறிக்கை விட்டு அதைப் புரட்டு என்றார்கள். அதன் உச்சியில் உண்மையான ஒரு பழைய போஸ்னியக் கோட்டையின் இடிபாடு இருக்கிறது. அதைப் பார்க்கத்தான் ஆளில்லை.

கேள்வி: ஒரே நாளில் மோஸ்தார் போய்த் திரும்பலாமா? வேறு என்ன பக்கத்தில் இருக்கிறது? (வாசகி, திருச்சி)

பதில்: போகலாம், ஆனால் ஓர் இரவு தங்குங்கள். பகலில் கடற்கரை ஊர்களிலிருந்து பஸ் பஸ்ஸாக ஆட்கள் வந்து இறங்குகிறார்கள். ஊரின் புகழ்பெற்ற பழைய பாலத்தில் கால்வைக்க இடமிருக்காது. மாலையில் அவர்கள் போனபின் ஊர் உங்களுடையது. அந்தப் பாலம் மிமார் ஹைருத்தீன் 1566-ல் கட்டி முடித்தது, ஒரே வளைவு. 1993 நவம்பர் 9-ல் குரோஷியப் படைகளின் குண்டுகளில் நெரெத்வா ஆற்றில் விழுந்தது. பழைய முறைப்படியே செதுக்கி 2004-ல் மறுபடி கட்டினார்கள். கல் வழுவழுப்பு, ரப்பர் அடிச் செருப்பு அவசியம்.

ரயிலில் போங்கள், ஏறக்குறைய இரண்டு மணி நேரம். மலையிலிருந்து வளைந்து வளைந்து இறங்கி, பிறகு நெரெத்வாவின் பச்சைத் தண்ணீரை ஒட்டியே ஓடும். 2024 அக்டோபரில் ஜப்லனிட்சா அருகே மண்சரிவு இந்தப் பாதையைப் புதைத்த துயரம் நடந்தது. ஆகவே புறப்படுமுன் ரயில் நேரத்தை நிலையத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். வழியில் கோன்யிட்ஸில் இன்னொரு உஸ்மானியப் பாலம், ஆரவாரம் இல்லாதது. எனக்கு மோஸ்தாரை விட அது பிடிக்கும்.

தூரம் வேண்டாம் என்றால் இலிட்ஜாவுக்கு ட்ராம் ஏறுங்கள். அங்கிருந்து மரங்கள் அடர்ந்த நேர்ச்சாலையில் மூன்றரைக் கிலோமீட்டர் நடந்தால் போஸ்னா ஆறு ஊற்றெடுக்கும் இடம். குதிரை வண்டியும் உண்டு. ட்ரெபெவிச் மலைக்கு ரோப் கார். போரில் அழிந்து 2018-ல்தான் திரும்ப வந்தது. மேலே 1984 குளிர்கால ஒலிம்பிக்கின் பாப்ஸ்லெட் (பனியில் சறுக்கும் வண்டி) பாதை, இப்போது முழுக்கச் சுவரோவியம் தீட்டிய சிமென்ட் வாய்க்கால். குறியிட்ட பாதையை விட்டுக் காட்டுக்குள் இறங்காதீர்கள். போஸ்னிய மலைகளில் கண்ணிவெடிகள் இன்னும் முழுவதும் அகற்றப்படவில்லை.

கேள்வி: என்ன வாங்கலாம்? (வாசகி, ஈரோடு)

பதில்: கசாண்ட்ஜிலுக் என்ற சந்தில் செம்புக் கொல்லர்கள் இருக்கிறார்கள். சுத்தியல் சத்தம் கேட்கும் கடையில் வாங்குங்கள். சத்தமில்லாத கடையின் சரக்கு வேறு எங்கிருந்தோ வந்தது. நீண்ட கைப்பிடி வைத்த காப்பிப் பாத்திரம் நல்ல பொருள். உள்பக்கம் ஈயம் பூசியதா என்று பாருங்கள், நம் வீட்டுப் பாட்டிமார் பார்ப்பார்களே அதுபோல. துப்பாக்கித் தோட்டா உறையில் செய்த பேனாக்களும் விற்பார்கள். வேண்டவே வேண்டாம். இந்திய விமான நிலையங்களில் காலி உறை பையில் இருந்தாலே போலீஸ் விசாரணை.

காப்பிப் பாத்திரம் வாங்கும்முன் மோரிச்சா சத்திரத்து முற்றத்தில் உட்கார்ந்து ஒரு காப்பி குடித்துவிடுங்கள். சர்க்கரைக் கட்டியின் முனையைக் காப்பியில் தோய்த்துக் கடித்து, மேலே ஒரு மிடறு. பக்கத்தில் ஒரு துண்டு லோகும் மிட்டாய் வைப்பார்கள். அடியில் தங்கிய வண்டலைக் குடிக்க வேண்டாம். ஒரு காப்பிக்கு ஒரு மணி நேரம் உட்கார்ந்தாலும் எழுந்து போகச் சொல்லமாட்டார்கள்.

கேள்வி: விசா, பணம்? (பலர்)

பதில்: போஸ்னியா ஐரோப்பிய ஒன்றியத்திலும் இல்லை, ஒரே விசாவில் பல ஐரோப்பிய நாடுகளுக்குள் போய்வரும் ஷெங்கன் ஏற்பாட்டிலும் இல்லை. பல நுழைவு ஷெங்கன் விசா வைத்திருப்பவர்களுக்குச் சலுகை தருவது உண்டு. எத்தனை நாள், என்ன நிபந்தனை என்பதைத் தூதரகத்தில் கேட்ட பிறகே டிக்கெட் போடுங்கள். கோவை வாசகிக்கு ஒரு முக்கியமான விஷயம்: உங்களுடையது ஒற்றை நுழைவு ஷெங்கன் விசா என்றால், வியன்னாவிலிருந்து சரயேவோ போன பிறகு திரும்ப வியன்னாவுக்குள் நுழைய முடியாது. மகனிடம் இதை இன்றே கேளுங்கள்.

நாணயம் மாற்றத்தகு மார்க். ஒரு யூரோவுக்கு 1.95583 மார்க் என்று நிலையாகக் கட்டிவைத்திருக்கிறார்கள், ஏறாது, இறங்காது. சிறு கடைகளுக்கும் ட்ராமுக்கும் ரொக்கம் வைத்துக்கொள்ளுங்கள். மிஞ்சிய மார்க்கை அங்கேயே மாற்றிவிட்டு வாருங்கள். எல்லை தாண்டினால் வாங்குவதற்கு ஆள் கிடைப்பது கடினம்.